காது கொடுத்துப் பார்க்க வேண்டிய காதல் படங்கள்: 1930-களின் சின்ன பட்ஜெட் டாக்கிகளை ரசிப்பது எப்படி

ஹாலிவுட் பேச ஆரம்பித்த முதல் ஏழெட்டு வருடங்களில், அதாவது 1929-லிருந்து 1936 வரைக்கும், சின்னக் கம்பெனிகள் ஒரு வாரம் பத்து நாளில் எடுத்து முடித்த காதல் நகைச்சுவைப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரிடமாவது பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பத்து நிமிடம் பார்த்தேன், முடியவில்லை. படம் மங்கல், ஒலியில் இரைச்சல், பின்னணி இசை கிடையாது, ஓர் அறையில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் முதல் இரண்டு மூன்று படங்களைப் பாதியில் விட்டவன்தான். அப்புறம் ஓர் இரவு கண் எரிச்சலாக இருந்ததால் திரையைப் பார்க்காமல், படுத்துக்கொண்டு ஒரு படத்தைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இந்தப் படங்கள் எனக்குப் பிடிபட்டன. இவற்றைக் காது கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு பேச்சு என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் போய்விடும். ஹாலிவுட்டில் கோவர் தெருவும் சன்செட் புலவார்டும் சேருகிற இடத்தைச் சுற்றிச் சின்னக் கம்பெனிகள் நிறைய இருந்தன. 'பாவர்ட்டி ரோ' என்று அந்தப் பகுதிக்குப் பெயர், வறுமைத் தெரு என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு வேறு இடத்தில் இருந்த சின்னக் கம்பெனிகளுக்கும் அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது. மோனோகிராம், செஸ்டர்ஃபீல்டு, இன்வின்சிபிள், டிஃபனி, மஜெஸ்டிக் எல்லாம் இந்த வகைதான். பெரிய ஸ்டுடியோக்களைப் போல இவர்களுக்குச் சொந்தமாகத் தியேட்டர்கள் இல்லை. படத்தை ஏரியா ஏரியாவாகப் பிரித்து, ஒவ்வொரு ஏரியா வினியோகஸ்தருக்கும் ஒரு தொகைக்கு விற்றுவிடுவார்கள். அப்படி விற்ற பிறகு படம் பிய்த்துக்கொண்டு ஓடினாலும் தயாரிப்பாளருக்குப் பெரிதாக எதுவும் வரப்போவதில்லை, அதனால் லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பது. பெரும்பாலான படங்கள் 10,000 டாலரிலிருந்து 30,000 டாலருக்குள், ஆறு முதல் பத்து நாளில் முடிந்தன. பொருளாதார மந்தம் வந்து தியேட்டர்காரர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்ட ஆரம்பித்ததால் இந்தச் சரக்குக்குத் தேவையும் இருந்துகொண்டே இருந்தது.

இப்போது அந்தத் தயாரிப்பாளர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். கூட்டம் சேர்த்தால் காசு, வெளிப்புறப் படப்பிடிப்பு போனால் காசு, ஆடல் பாடல் என்றால் இன்னும் காசு. ஒலிப்பதிவுக் கருவியை எப்படியும் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, அதன் பிறகு பேச்சுக்குத் தனிச் செலவே இல்லை. ஒரு சோபா, ஒரு கதவு, ஒரு டெலிபோன், ஓர் ஆண், ஒரு பெண். அதை வைத்து அறுபது நிமிடம் ஓட்ட முடிகிற கதை இரண்டே வகைதான்: கொலை மர்மம், இல்லாவிட்டால் காதல் நகைச்சுவை. இரண்டையும் வண்டி வண்டியாக எடுத்தார்கள்.

பின்னணி இசை இல்லாததும் வேண்டுமென்றே செய்ததல்ல. ஆரம்பத்தில் வசனத்தையும் இசையையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு கலப்பது கஷ்டம், ஒவ்வொரு முறை மறுபதிவு செய்யும்போதும் ஒலியின் தரம் விழும். 1932, 33 வாக்கில் பெரிய ஸ்டுடியோக்கள் இதைச் சமாளித்துவிட்டன, சின்னக் கம்பெனிகளுக்கு அதற்கான நேரமும் பணமும் இல்லை. அதனால் இந்தப் படங்களில் காதலர்கள் சண்டை போட்டு ஓய்ந்தால் அங்கே நிஜமான மௌனம்தான் இருக்கும். அந்த மௌனத்தில் துணி உரசுவது கேட்கும், மரத்தரையில் செருப்புச் சத்தம் கேட்கும், சில சமயம் நடிகர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும். ஒரு படத்தில் வயலின் வந்து 'இப்போது நெகிழ்ந்துகொள்' என்று சொல்லாதபோது அந்த இரண்டு பேருடைய குரலைத் தவிர நமக்குப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இருக்காது. எனக்கு அதுதான் இந்தப் படங்களின் பெரிய சொத்து.

சரி, எந்தப் படத்திலிருந்து தொடங்குவது? 1929, 30-ஐ முதலில் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் கேமரா போடுகிற சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதற்காகக் கேமராவையும் கேமராமேனையும் சேர்த்து ஒரு கூண்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள், மைக்கையும் எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டியிருந்தது, அதனால் நடிகர்கள் அதைச் சுற்றியே நின்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார்கள். பழகிய பிறகு அதிலும் ஒரு சுவை இருக்கிறது, ஆனால் புதிதாக வருகிறவருக்குத் தாங்காது. 1932-லிருந்து 1935 வரையான படங்கள்தான் நல்ல தொடக்கம். அதற்குள் கேமராவுக்கு ஒலி அடைக்கும் உறை வந்துவிட்டது, மைக் நடிகரின் தலைக்கு மேலே நீளக் கழியில் தொங்கிக்கொண்டு அவர் கூடவே நகர ஆரம்பித்துவிட்டது, பேச்சிலும் வேகம் வந்துவிட்டது.

கம்பெனி என்று பார்த்தால் செஸ்டர்ஃபீல்டையும் இன்வின்சிபிளையும் முதலில் எடுக்கச் சொல்வேன். அவர்கள் யுனிவர்சல் ஸ்டுடியோவில் இடம் வாடகைக்கு எடுத்துப் படமெடுத்தார்கள், அங்கே ஏற்கெனவே பெரிய படங்களுக்காகப் போட்டிருந்த செட்டுகள் கையில் கிடைத்தன. பத்து நாள் படத்தில் திடீரென்று அகலமான மாடிப்படியும் பளபளக்கும் ஹோட்டல் கூடமும் வரும். இயக்குநர் பெயர்களில் ஃபிராங்க் ஸ்ட்ரேயர், ரிச்சர்ட் தோர்ப், சார்லஸ் லாமான்ட் மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் நாயகி பெயர்களைவிடத் துணை நடிகர்களின் பட்டியலைப் பாருங்கள். ஃபிராங்க்ளின் பேங்போர்ன் பெயர் இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன், ஹோட்டல் மேனேஜராகவோ கடைச் சிப்பந்தியாகவோ பதறிக்கொண்டு அவர் வந்து நின்றால் அந்தக் காட்சி பிழைத்துக்கொள்ளும். முன்னணி நடிகர்களில் பலர் மௌனப்பட காலத்தில் உச்சத்தில் இருந்து இறங்கிவந்தவர்கள், சிலர் ஏறிக்கொண்டிருந்தவர்கள். ஜிஞ்சர் ராஜர்ஸ் 1932-லும் 33-லும் இந்த மாதிரிச் சின்னக் கம்பெனி மர்மப் படங்களில் நடித்திருக்கிறார். ஒரே படத்தில் இறங்குகிறவரும் ஏறுகிறவரும் காதலர்களாக நடிப்பதைப் பார்க்கும்போது அந்தக் கதைக்கு எழுதாத ஒரு பாரம் சேர்ந்துவிடுகிறது.

படம் கிடைப்பது சுலபம், நல்ல பிரிண்ட் கிடைப்பதுதான் கஷ்டம். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்தில் காப்புரிமை முதலில் 28 வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்தக் கம்பெனிகள் பலவும் அதற்கு முன்பே மூடிவிட்டன, அல்லது இன்னொன்றுக்குள் கரைந்துவிட்டன: 1935-ல் ஹெர்பர்ட் யேட்ஸ் பல சின்னக் கம்பெனிகளைச் சேர்த்து ரிபப்ளிக் பிக்சர்ஸ் தொடங்கியது இதற்குப் பெரிய உதாரணம். புதுப்பிக்க ஆளில்லாமல் நூற்றுக்கணக்கான படங்கள் பொதுவுடைமை ஆகிவிட்டன. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் யூடியூபிலும் அவை சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் யாரும் உரிமை கொண்டாடாத படத்தை யாரும் பராமரிப்பதும் இல்லை. நாம் பார்ப்பது பெரும்பாலும் பிற்காலத்தில் டிவிக்காக எடுத்த 16 மில்லிமீட்டர் பிரதியின் பிரதி.

அதனால் ஒரே படத்துக்கு ஐந்தாறு பதிவேற்றங்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். முதலில் கால அளவு. அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் இணையப் பட்டியலில் படம் வெளியானபோது எத்தனை நிமிடம் ஓடியது என்று பெரும்பாலும் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். அங்கே 68 என்று இருந்து உங்கள் கையில் இருப்பது 54 என்றால், டிவியின் ஒரு மணி நேர இடத்துக்காக வெட்டிய பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம், வெட்டும்போது முதலில் போவது நகைச்சுவைப் பேச்சுதான். அடுத்து தலைப்பு. மறுவெளியீட்டிலும் டிவியிலும் பெயரை மாற்றியே விடுவார்கள், அதனால் நடிகர் பட்டியலை வைத்துத்தான் எந்தப் படம் என்று உறுதி செய்ய வேண்டும். அப்புறம் சட்டகம். தலையின் மேல்பகுதியோ இடது ஓரமோ வெட்டுப்பட்டிருந்தால் வேறு பிரதி தேடுங்கள். கணினியால் வண்ணம் ஏற்றியது, 'மெருகேற்றி'யது என்று சொல்கிற பதிவேற்றங்களைத் தவிர்த்துவிடுங்கள், முகங்களை மெழுகாக்கிவிடுகிறார்கள். மங்கலான அசல் எவ்வளவோ மேல்.

பார்க்க உட்காரும் முன் டிவி அமைப்பில் கொஞ்சம் வேலை இருக்கிறது. 1932 வாக்கில் நிலையான சட்டகத்தின் விகிதம் 1.37-க்கு 1, கிட்டத்தட்டச் சதுரம். படத்தைத் திரை முழுக்க இழுத்துவிடாதீர்கள், இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும். அசைவைக் குழைத்துக் காட்டும் வசதி எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஒலியில் சரவுண்டையும் பாஸ் கூட்டுவதையும் நிறுத்திவிட்டு, ட்ரெபிளைக் கொஞ்சம் குறையுங்கள். அந்தக் காலத்து ஒலித்தடத்தில் உச்ச அதிர்வெண்கள் அவ்வளவாகப் பதிவாகவே இல்லை, மேலே கேட்பதில் பெரும்பகுதி தேய்மானத்தின் இரைச்சல்தான். அதைக் குறைத்தால் குரல் முன்னால் வந்து நிற்கும். ஹெட்போனைவிட, நடுவில் வைத்த ஒரே ஸ்பீக்கரில் கேட்பது எனக்கு நன்றாக இருக்கிறது, இரைச்சல் மண்டைக்குள் ஏறாமல் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது. தானியங்கிச் சப்டைட்டில் பாதி இடத்தில் உளறும். முதல் தடவை புரியாத இடங்களில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள், கதை எப்படியும் புரிந்துவிடும், ஏனென்றால் இந்தக் கதைகள் ஐந்தாறு அச்சுக்குள்தான் சுற்றும்: பணக்காரப் பெண் வீட்டைவிட்டு ஓடுகிறாள், கடையில் வேலை செய்கிறவளை முதலாளி மகன் தன் அடையாளத்தை மறைத்துக் காதலிக்கிறான், பத்திரிகை நிருபர் செய்திக்காகப் பழகப்போய் மாட்டிக்கொள்கிறான், சொத்துக்காகப் பொய்க் கல்யாணம் செய்துகொண்டு அது நிஜமாகிவிடுகிறது. முதல் தடவை பேச்சின் தாளத்தைப் பிடியுங்கள், சொல்லுக்குச் சொல் அர்த்தம் இரண்டாவது தடவையில் வந்துசேரும். படம் ஒரு மணி நேரம்தான் என்பதால் இரண்டு தடவை பார்ப்பது பெரிய பாடில்லை.

ஆனால் சில விஷயங்கள் தெரியாவிட்டால் கதையே தலைகீழாகப் புரியும். 1931-ல் நெவாடா மாநிலம் விவாகரத்துக்கு வேண்டிய குடியிருப்புக் காலத்தை ஆறு வாரமாகக் குறைத்தது. அதனால் ஒரு கதாபாத்திரம் அங்கே உள்ள 'ரீனோ' நகருக்குப் போகிறேன் என்றால் சுற்றுலா என்று நினைத்துவிடாதீர்கள், கல்யாணத்தை முறிக்கப்போகிறாள் என்று அர்த்தம். கல்யாணம் செய்கிறேன் என்று சொல்லி ஏமாற்றியவன் மேல் பெண் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம் என்ற சட்டம் அப்போது பெரும்பாலான மாநிலங்களில் இருந்தது, 1935-லிருந்துதான் ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தார்கள். பழைய காதல் கடிதங்களைக் கண்டு கோடீஸ்வரக் கிழவர் ஏன் அப்படி நடுங்குகிறார் என்பது இது தெரிந்தால்தான் புரியும். மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன் எடுத்த படத்தில் ஒருவர் கோப்பையை எடுத்தாலே அது சட்டத்தை மீறுகிற ஒரு சின்னச் சிரிப்போடு வரும்.

படம் எந்த வருடத்தது என்று தலைப்பு அட்டையிலேயே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. நீலக் கழுகு முத்திரை ஒன்று தெரிந்தால் அது ரூஸ்வெல்ட் அரசின் தொழில் மீட்புத் திட்டச் சின்னம், அப்படியென்றால் 1933-லிருந்து 1935-க்குள். தணிக்கைச் சான்று எண் இருந்தால் 1934 ஜூலைக்குப் பிறகு. இந்த 1934 ஜூலை முக்கியமான கோடு. ஹாலிவுட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட தணிக்கை விதிகளான ஹேஸ் விதிகள் 1930-லேயே எழுதப்பட்டுவிட்டாலும் ஜோசப் பிரீன் அந்தத் தணிக்கைக்குப் பொறுப்பாக வந்து சான்று இல்லாமல் படம் வெளியாகாது என்று ஆன பிறகுதான் பல் முளைத்தது, மீறினால் 25,000 டாலர் அபராதம். ஒரு சின்னக் கம்பெனிக்கு அது முழுப் படத்தின் செலவு. கோட்டுக்கு முந்தைய படங்களில் பெண்கள் தங்கள் ஆசையை நேராகச் சொல்வார்கள், வேலைக்காக முதலாளியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதையும் சொல்வார்கள். பிந்தைய படங்களில் அதே ஆசை சண்டையாகவும் கிண்டலாகவும் மாறிப் பேச்சுக்குள் ஒளிந்துகொண்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து அடுத்தடுத்த நாளில் பாருங்கள், வித்தியாசம் முகத்தில் அறையும்.

இனி, படம் ஓடும்போது எதைக் கவனிப்பது என்பது. நான் முதலில் பார்ப்பது, பேசாதவர் என்ன செய்கிறார் என்று. மறுபடி எடுக்க நேரமில்லை, குளோசப்புக்கு விளக்கு மாற்ற நேரமில்லை, அதனால் இரண்டு பேரையும் ஒரே ஷாட்டில் நிறுத்தி இரண்டு நிமிடம் ஓடவிடுவார்கள். பெரிய படங்களில் கேட்கிறவரை வெட்டி எறிந்திருப்பார்கள், இங்கே அவர் தப்பிக்க வழியில்லாமல் கேட்டாக வேண்டும். சுமாரான நடிகர் என்றால் அடுத்த வசனத்துக்காகக் காத்திருப்பது தெரியும். நல்ல நடிகை என்றால் அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்கு எந்தச் சொல்லில் பிடிபட்டது என்பதுகூடத் தெரியும். காதல் அந்தக் கேட்பில்தான் இருக்கிறது, முத்தத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காட்சியைக் கேட்டுப் பாருங்கள், முதல் இருபது நிமிடத்தில் ஒருவர் முடித்த பிறகு மற்றவர் பேசுவார், நடுப்பகுதிக்கு வரும்போது ஒருவர் வாக்கியத்தை மற்றவர் இடைமறிப்பார், கடைசியில் ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிப்பார். எல்லாப் படத்திலும் இது வாய்க்காது. வாய்த்தால் அந்தப் படத்துக்கு மங்கல் பிரிண்டெல்லாம் ஒரு குறையே இல்லை.

கதவையும் டெலிபோனையும் விடாதீர்கள். செட் மாற்றக் காசில்லாத இயக்குநருக்குக் கதவுதான் எடிட்டிங். யார் எந்த வாக்கியத்தின் நடுவில் உள்ளே வருகிறார் என்பதில் பாதிச் சிரிப்பு இருக்கிறது. டெலிபோன் என்றால் எதிர்முனையில் ஆளே தேவையில்லை, ஒரே நடிகை, ஒரே ஷாட், அவள் முகத்தையும் இடைவெளிகளையும் வைத்து நாம்தான் மறுமுனைப் பேச்சை எழுதிக்கொள்ள வேண்டும். மலிவான வித்தைதான், நன்றாகச் செய்தால் அதைவிட நெருக்கமான காட்சி வேறில்லை.

இந்த வழியின் உச்சம் எங்கே போய் நின்றது என்று பார்க்க ஆசையிருந்தால், ஐந்தாறு சின்னப் படங்கள் பார்த்த பிறகு 1934-ல் கொலம்பியா எடுத்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' பாருங்கள். கொலம்பியாவும் கோவர் தெருவில் வளர்ந்த கம்பெனிதான். கிளார்க் கேபிளை எம்ஜிஎம்மிடமிருந்து இரவல் வாங்கி, ஃபிராங்க் காப்ரா ஏறத்தாழ நான்கு வாரத்தில் முடித்தார். செலவு 3,25,000 டாலர் அளவில் ஆனதால் அதை வறுமைத் தெருப் படம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து முக்கிய ஆஸ்கார்களையும் ஒன்றாக வாங்கிய அந்தப் படத்தில் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும் காட்சிக்குத் தேவைப்பட்டது என்ன? இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு கயிறு, அதன் மேல் ஒரு போர்வை, இரண்டு பக்கமும் இரண்டு குரல். இதை முதலில் பார்த்துவிட்டுச் சின்னப் படங்களுக்கு வந்தால் அவை வெறும் நகலாகத் தெரியும். வரிசை முக்கியம்.

பிரிட்டனிலும் இதே போல ஒரு கூட்டம் இருக்கிறது, அதைத் தவறவிட வேண்டாம். 1927-ல் வந்த சட்டம் ஒன்று, வினியோகஸ்தர்களும் தியேட்டர்களும் குறிப்பிட்ட சதவீதம் பிரிட்டிஷ் படங்களைக் கையாள வேண்டும் என்றது. அமெரிக்கக் கம்பெனிகள் அந்தக் கணக்கை நிரப்ப அடிக்கு ஒரு பவுண்டு என்ற விலையில் படம் எடுக்கவைத்தன, 'கோட்டா குயிக்கி' என்று அவற்றுக்குப் பெயர். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் 6,000 அடி, 6,000 பவுண்டு, 67 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பின்னாளில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவல் இப்படித்தான் தொழில் கற்றார். அவருடைய 1935-ன் 'தி லவ் டெஸ்ட்' ஓர் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் காதல் நகைச்சுவை, அங்கே ஆராய்ச்சி செய்வது செல்லுலாய்டு தீப்பற்றாமல் இருக்க என்ன வழி என்று. சுலபமாகத் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமில் எடுத்த படம் அந்தக் கவலையைப் பேசுவது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தொடும், ஏனென்றால் அவரது ஆரம்பப் படங்கள் பல இன்று இல்லை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2010-ல் வெளியிட்ட, தேடப்படும் 75 படங்களின் பட்டியலில் அவற்றில் சில இருக்கின்றன.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கறுப்பின வேலைக்காரர்களையும் சீனர்களையும் கேலிப்பொருளாக்கும் காட்சிகள் இவற்றில் வரும், பெண்ணை அறைவது சிரிப்பாகக் காட்டப்படும் இடங்களும் உண்டு. அது அன்றைய வழக்கம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அந்தச் சின்ன வேடத்தில் நிற்கிறவரின் முகத்தைத்தான் அப்போது பார்க்கிறேன், நேரம் தவறாமல் வசனம் சொல்லும் அந்தத் திறமைக்கு அந்தத் தொழில் கொடுத்த இடம் அவ்வளவுதான் என்பது அங்கே தெரிகிறது. பொறுக்க முடியாத அளவுக்குப் போனால் நிறுத்திவிடுங்கள், வேறு படங்கள் நிறைய இருக்கின்றன.

பார்த்த படங்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: தலைப்பு, மாற்றுத் தலைப்பு, கம்பெனி, எங்கே பார்த்தீர்கள், எத்தனை நிமிடம் ஓடியது, எந்தத் துணை நடிகர் மனதில் நின்றார். நான் நிமிடத்தையும் வினாடியையும் சேர்த்தே எழுதுகிறேன். எப்போதாவது ஒரு பதிவேற்றம் மற்றவற்றைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக ஓடினால், அந்த இரண்டு நிமிடம் எங்கே இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அநேகமாக இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து பேசுகிற காட்சியாகத்தான் இருக்கும். அந்தப் பிரதியைப் பதிவிறக்கி, மாற்றுத் தலைப்போடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பதிவேற்றப் பக்கத்தின் கீழே எந்தக் காட்சி கூடுதலாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்.